பச்சைக்குள் இருக்கும் நிறம்: மலையகத்தில் ஒரு சிபிஎல் ஃபில்டர்

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் 67 மில்லிமீற்றர் சிபிஎல் ஃபில்டர் ஒன்றைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. சிபிஎல் என்றால் 'சேர்கியூலர் போலரைசர்', தமிழில் வட்ட முனைவாக்கி; பொருள்களின் மேல் தெறிக்கும் மினுக்கத்தைக் குறைப்பது இதன் வேலை. ஹட்டன் பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று படமெடுப்பது என் தொழில். வேலையில்லாத நாட்களில் மலையைத் தேடிப்போய் எடுப்பது என் வியாதி. கொழும்புக் கடையில் இதற்குச் சொன்ன விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒரு வட்டக் கண்ணாடிக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இதே தரத்தில், இதே விலையில் நாலைந்து பெயர்கள் கடையில் அடுக்கியிருக்கின்றன. நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்க வைத்தது இலையுதிர்காலம். நம் நாட்டில் அப்படியொரு காலம் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ப்ரீ ஷூட்டுக்கு வரும் பிள்ளைகளின் போனில் அது இருக்கிறது. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள சொந்தக்காரர்கள் ஒக்டோபர் மாதத்தில் எடுத்துப் போட்ட படங்களைக் காட்டி, "அண்ணே, பின்னுக்கு இந்தக் கலர் வரணும்" என்பார்கள். பச்சையைப் பிடித்து செம்மஞ்சளுக்கு இழுத்துவிடும் ப்ரீசெட்கள், அதாவது கணினியில் ஒரே அழுத்தில் நிறம் மாற்றும் அமைப்புகள், எத்தனையோ விற்பனைக்கு இருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு முடித்த ஆல்பத்தை அம்மாவிடம் காட்டினேன். வாழ்நாள் பூராவும் கொழுந்து பறித்தவர். "என்னாடா இது, மலை பூரா பனி விழுந்து கருகிக் கெடக்கு! எந்தத் தோட்டம்?" என்று பதறிப்போனார். நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழுந்தால் கொழுந்து உண்மையிலேயே அந்த நிறத்துக்குத்தான் போகும். அப்புறம் கொழுந்து கிடைக்காது, அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். கல்யாணப் படத்துக்குப் பின்னால் அரைப்பேர் நிறத்தைப் பூச எனக்கு மனம் வரவில்லை. அந்த ப்ரீசெட் இப்போது என் கணினியில் இல்லை.

அசல் இலையுதிர்கால மலைகளை எடுக்கிறவர்களின் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். அவர்கள் பையிலிருந்து முதலில் வெளியே வருவது அநேகமாக இந்த ஃபில்டர்தான். மேப்பிள் இலை சிவப்பாகவே இருந்தாலும் அதன் மேல்தோலில் வானம் வெள்ளையாக எதிரொளிக்கும். அந்த வெள்ளை நீங்கினால்தான் சிவப்பு சிவப்பாகப் படத்தில் விழும். நம் தேயிலைக்கும் அதே கதை. தேயிலையின் முதிர்ந்த இலை தடித்தது, மெழுகுப் பூச்சு உள்ளது. மழை விட்டு வெயில் அடித்தால் எண்ணெய் வைத்த தலையில் வெளிச்சம் பட்டதுபோல மலை முழுக்க மினுங்கும். கண்ணுக்கு அழகு, கெமராவுக்கு வெளிறிப்போன நீலப்பச்சை.

இதன் வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி, தண்ணீர், இலைத்தோல் ஆகியவற்றில் சரிந்து பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. 1808இல் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் தெறித்த அந்திவெயிலை ஒரு படிகத்தின் வழியாகப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தார். ஃபில்டருக்குள் இருக்கும் தகடு அந்த ஒரு திசையை மட்டும் மறித்துவிடுகிறது. இலைக்குள் புகுந்து, நிறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்வதால் ஃபில்டரை எப்படித் திருப்பினாலும் அதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. பெயரில் உள்ள 'வட்ட' என்ற பகுதி ஃபில்டரின் வடிவத்தைக் குறிப்பதல்ல. தகட்டுக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய படலம் உண்டு. என்னுடைய கெனன் 80டி மாதிரி உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி வைத்த கெமராக்களின் ஓட்டோஃபோகஸ் குழம்பாமல் பார்த்துக்கொள்வது அந்தப் படலம்தான்.

முதலில் பார்த்தது தேயிலை மலையை. தலவாக்கலைக்குக் கீழே, தூறல் விட்டவுடன், மேகம் கலையாத ஒரு பகல். வெயில் இருந்தால்தான் இந்த ஃபில்டருக்கு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நீல வானத்தைக் கருப்பாக்க மட்டுமே வாங்குகிறவர்களுக்கு அது சரி. இலைக்கு அப்படியில்லை. மேகம் மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைப் போர்வை, அது ஒவ்வொரு இலையிலும் எதிரொளிக்கிறது. வளையத்தை மெல்லத் திருப்பினேன். ஒரு கட்டத்தில் மலையின் மேல் கிடந்த சாம்பல் படலம் உரிந்து விழுந்தது. மூத்த இலை கரும்பச்சைக்குப் போனது. மேலே நின்ற மொட்டும் இரண்டு இலையும் மஞ்சள் கலந்த இளம்பச்சையாகத் தனியாகப் பிரிந்து தெரிந்தன. எந்த நிரை பறித்தது, எந்த நிரை நாளைக்குப் பறிக்க நிற்கிறது என்று படத்திலேயே சொல்லலாம். அந்தப் படத்தைப் பார்த்த அம்மா, "இது அஞ்சாறு நாள்ல பறிச்சிருக்கணும், முத்த விட்டுட்டானுங்க" என்றார். ஃபில்டருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

ஆனால் முழுவதும் திருப்பக்கூடாது. இதுதான் இந்த ஃபில்டரைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். கடைசிவரை திருப்பினால் மினுக்கம் ஒட்டுமொத்தமாகச் செத்து இலை காகிதமாகிவிடும். மலையகத்தில் இலை என்றால் ஈரம். ஈரம் தெரியாத தேயிலைப் படம் வேறு எங்கேயோ எடுத்த படம். முழு விளைவு வரும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால் திருப்புவேன். நிறமும் நிற்கும், ஆங்காங்கே ஒரு சொட்டு வெளிச்சமும் மிஞ்சும்.

செம்மஞ்சள் கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான் காட்டுவது ஹோட்டன் சமவெளிக் காடுகளை. மழைக்குப் பிறகு தளிர்விடும் பருவத்தில் அங்கே நாவல் இனத்தைச் சேர்ந்த மலைமரங்கள் உச்சியில் சிவப்பும் இளஞ்சிவப்புமாக நிற்கும். கீழ்நாட்டில் நாக மரத்தின் தளிர் சிவந்து தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தளிரில் இருக்கும் அந்தச் சிவப்பு அந்தோசயனின் என்ற நிறமி. கனடாவில் மேப்பிள் இலையை விழுவதற்கு முன் சிவக்க வைப்பதும் அதே வகை நிறமிதான். அங்கே மஞ்சள் வேறு வழியில் வருகிறது. பச்சையம் சிதைந்து போக, முன்பே இலையில் இருந்த கரோட்டினாய்டுகள் வெளியே தெரிகின்றன. நம் காட்டில் அந்த மஞ்சள் வெள்ளம் கிடையாது, மரத்துக்கு மரம் புள்ளி புள்ளியாகச் சிவப்புத்தான். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் அந்தச் சிவப்பு பழுப்பாகத் தெரியும், யாரும் கவனிக்கமாட்டார்கள். போட்டு எடுத்தால் அடர்ந்த பச்சைக்கு நடுவே கிண்ணம் கிண்ணமாகச் சிவப்பு எழும்பும். தூரத்தைக் கிட்டே இழுக்கும் 55-250 மில்லிமீற்றர் லென்ஸில், தூரத்துச் சரிவைச் சுருக்கி எடுக்கும்போது இது நன்றாக வருகிறது. பிள்ளைகளுக்கு முழுத் திருப்தி என்று சொல்லமாட்டேன். ஆனால் இதுவரை யாரும் பழைய ப்ரீசெட்டைக் கேட்கவில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் பாடத்தை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. காரணம் சூரியன். ஆல்ப்ஸ் மலையில் ஒக்டோபர் நடுப்பகுதியில் நண்பகல் சூரியனே ஏறத்தாழ 35 பாகை உயரத்தில்தான் நிற்கும். நமக்கு அதே நாளில் 74 பாகை. வானத்தில் இந்த ஃபில்டர் அதிகம் பிடிப்பது சூரியனிலிருந்து 90 பாகை விலகிய ஒரு பட்டையை. சூரியன் தாழ்ந்து நிற்கும் நாட்டில் அந்தப் பட்டை தலைக்கு மேலாக வளைந்து போகும். அகன்ற லென்ஸில் எடுத்தால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மற்றப் பக்கம் வெளுத்தும் இருக்கும். இங்கே சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னும், செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது பட்டை அடிவானத்தைச் சுற்றிப் படுத்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைக்கு மேல் வானம் ஒரே சீராக இருளும். "மத்தியானம் கெமராவை உள்ளே வை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பாடம். முகம் எடுக்க அது சரி, கண்ணுக்குக் கீழே குழி விழும். மலைக்கும் வானத்துக்கும் அந்த நேரத்தை நான் இப்போது விடுவதில்லை. காலை ஏழு மணிக்கு 10-18 அகன்ற லென்ஸை 10இல் வைத்து எடுத்தால் மட்டும் வெளிநாட்டுக்காரர்களின் பிரச்சினை நமக்கும் வரும். அந்த லென்ஸுக்கு நான் இதைக் கழற்றிவிடுகிறேன். வளையம் எவ்வளவு மெல்லியது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 10இல் மூலைகள் கொஞ்சம் இருளத்தான் செய்கின்றன.

மூடுபனியை இது அறுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மலையகத்தில் இரண்டு விதமான மறைப்பு உண்டு. ஒன்று ஈரப்பனி. அதில் ஒளி துளிக்குத் துளி மோதித் திசை கலைந்து வருவதால் ஃபில்டர் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. வெளிச்சத்தை வீணாக்குவதுதான் மிச்சம். ஹோட்டன் சமவெளியில் உலகமுடிவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து பனி ஏறி அந்த 880 மீற்றர் பள்ளத்தையும் வெள்ளையாக்கிவிடும். அந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு பனியையே படமாக எடுப்பது புத்தி. இரண்டாவது, வறண்ட காலத்துப் புழுதி மங்கல். ஜூலை, ஓகஸ்டில் மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடித்து, புல்லெல்லாம் பழுத்துக் காய்ந்து கிடக்கும். இலையுதிர்கால நிறம் என்று ஒன்று இங்கே இருக்கிறதென்றால் அந்தக் காய்ந்த பத்தனைப் புல்தான். அந்த மங்கலை ஃபில்டர் நன்றாக வெட்டுகிறது. ஹப்புத்தளை முகடு தெற்கைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் இடப்பக்கமிருந்து வரும், ஃபில்டருக்குத் தேவையான 90 பாகை தானாகவே அமைந்துவிடும். லிப்டன் சீட்டில் நின்று தெற்குச் சமவெளியை எடுத்த படங்களில், ஃபில்டர் போட்டதில் கூடுதலாக இரண்டு மலைவரிசை தெரிகிறது. கச்சான் காற்றில் ட்ரைபொட்டைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

இந்த ஃபில்டரால் வரும் வெளிச்ச இழப்பு ஏறக்குறைய ஒன்றரை ஸ்டொப். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது. 1/125இல் எடுக்கக்கூடிய இடத்தில் 1/50க்கோ 1/40க்கோ இறங்கவேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கெமராவின் ஒளியுணர்வை, ஏற்றவேண்டும். காற்றில் ஆடும் இலைக்கு அது போதாது. ஐஎஸ்ஓ 800க்கு ஏற்றி எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நீர்வீழ்ச்சியில் இதே இழப்பு லாபமாகிறது. தலவாக்கலை வீதியிலிருந்து டெவன் நீர்வீழ்ச்சியை எடுக்கும்போது ஃபில்டர் போட்டு ஷட்டரை அரை விநாடி வரை இழுக்கலாம். 97 மீற்றர் விழும் தண்ணீர் நூலாகும், பக்கத்துப் பாறையின் ஈர மினுக்கம் போய் பாசியின் பச்சை தெரியும். பக்கத்தில் இருக்கும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு அதன் தண்ணீர் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மலையின் நிழல் தண்ணீரில் விழ எடுக்க நினைத்தால் வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும், இல்லையென்றால் நிழலே காணாமல் போகும். தண்ணீரின் மட்டத்திலிருந்து சுமார் 37 பாகை சரிவில் பார்க்கும்போது இந்த அழிப்பு உச்சத்தில் இருக்கும். கரையோரமாகத் தாழ உட்கார்ந்தால் விளைவு குறையும். வானவில்லுக்கும் இதே எச்சரிக்கை. வானவில்லின் ஒளி நன்றாகவே ஒரு திசையில் அதிர்வது. ஒரு பக்கம் திருப்பினால் பளிச்சென்று ஏறும், கால்வட்டம் திருப்பினால் மலைக்கு மேல் ஒன்றுமே இருக்காது. இதைத் தெரியாத நண்பர் ஒருவருக்கு நான் எதிர்ச்சரிவில் வானவில்லைக் காட்ட, அவர் கெமராவில் பார்த்துவிட்டு "எங்கே மச்சான்?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கல்யாண வேலையில் இதைப் போட்டுப் பார்த்தேன், கவனமாகப் போடவேண்டும். முகத்தில் வியர்வை மினுக்கம் குறைவது நல்லதுதான், மாப்பிள்ளைமாருக்கு ரொம்ப உதவி. ஆனால் பட்டுச் சேலையின் ஓட்டம் செத்துவிடுகிறது. கூறைப்பட்டு நைலெக்ஸ் மாதிரித் தெரிந்தால் பெண்ணின் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். தங்கம் மட்டும் அசையவில்லை. உலோகத்தில் தெறிக்கும் ஒளி இப்படி ஒரு திசைக்கு ஒழுங்குபடுவதில்லை என்பதால் தாலிக்கொடி முன்போலவே ஜொலிக்கிறது. ஆக வெளியில் மலையோடு எடுக்கும் படத்துக்கு மட்டும் இது, மணவறைக்குக் கிடையாது. ரயில் ஜன்னல் வழியாக எடுக்கும்போது கண்ணாடியில் தெரியும் உள்வெளிச்சத்தைக் குறைக்கலாம், நேராக நின்றால் பலனில்லை, கொஞ்சம் சரிந்து நிற்கவேண்டும். சில பஸ் கண்ணாடிகளில் ஃபில்டர் வழியாகப் புள்ளி புள்ளியாகக் கறை தெரியும். அது கண்ணாடியைச் சூடாக்கி உறுதிப்படுத்தியதன் தடம், ஃபில்டரின் பிழையில்லை.

இனி குறைகள். வளையம் அலுமினியம். ஈரத்திலும் குளிரிலும் லென்ஸோடு இறுகிக்கொள்கிறது. ஒருமுறை சமவெளியில், கால் முழுக்க அட்டை ஏறிக்கொண்டிருக்கையில், இது கழலமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு விரலால் பக்கவாட்டில் நசுக்கினால் வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். ரப்பர் செருப்பின் அடிப்பகுதியை முகப்பில் தட்டையாக வைத்து அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும். பித்தளை வளையம் வைத்த ஃபில்டர்கள் இப்படி எளிதில் இறுகாது, விலை கூடும். மேல்பூச்சைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தூறலில் தண்ணீர் முத்தாக உருண்டு விழுகிறது, துடைக்கும் வேலை பாதி. ஆனால் சுழலும் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஈரம் புகுந்தால் காய நேரமெடுக்கிறது. தகடுகளை ஒட்டித் தயாரித்த பொருள் என்பதால் ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஆயுள் குறையும். லயத்து அறையானாலும் பங்களாவானாலும் மலையகத்தில் பூஞ்சணம் பிடிக்காத வீடு கிடையாது. மூடி இறுக்கமான பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஃபில்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள். நிறத்தில் மிக இலேசாக ஒரு இளஞ்சூடு ஏறுகிறது. பிறகு கணினியில் நிறத்தைத் திருத்த வசதியான ரோ ஃபைலில் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பெரிய எரிச்சல் லென்ஸ் ஹூட், அதாவது லென்ஸின் முகப்பில் மாட்டும் மறைப்பு. ஹூட்டை மாட்டினால் வளையத்தைத் திருப்ப விரல் போகாது. ஹூட்டைக் கழற்றினால் தூறல் நேரே கண்ணாடியில் அடிக்கும். நெடுக்காகப் பிடித்திருந்த கெமராவைக் குறுக்காகத் திருப்பினால் ஃபில்டரையும் மறுபடி திருப்பவேண்டும், ஆகவே ஹூட்டும் மறுபடி கழலும். இதற்கு நான் கண்ட ஒரே வழி குடை பிடிக்க ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போவது.

யார் வாங்கலாம்? போனில் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இது வேண்டாம். கெமராவோடு வந்த கிட் லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, இனியும் லென்ஸ் வாங்குவேன் என்கிறவர்கள் அந்த லென்ஸின் அளவுக்கு வாங்காமல் 67க்கோ 77க்கோ வாங்கி, அளவு ஏற்றும் வளையத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையம் மலிவுதான், என் 55-250க்கு 58இலிருந்து 67க்கு அப்படித்தான் ஓடுகிறது. அப்படி மாட்டினால் லென்ஸின் சொந்த ஹூட் பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வரும் மிக மலிவான ரகத்தைத் தொடாதீர்கள். நான் முன்பு வைத்திருந்த ஒன்று தூரத்து மலையை 250இல் எடுக்கும்போது கூர்மையே வராமல் செய்தது. கடைக்குப் போனால் கெமராவை எடுத்துக்கொண்டு போங்கள். 250 முனையில் மாட்டி, எதிரே உள்ள கடையின் பெயர்ப்பலகையை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து ஓரம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் காசைக் கொடுங்கள்.